தப்கிகேனின் கழலாத ஷூ

ஈட்டென் ஊரில் காலை நேரத்தில் ஒருவர் நடந்து போனால், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அங்கே ஓடுவது அவ்வளவு சாதாரணம். அந்த ஊரில் தப்கிகேன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு பந்தயத்திலும் ஜெயித்தது கிடையாது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. அவள் வேலையே வேறு. பெரிய ஓட்டக்காரிகளுக்கு முன்னால் ஓடி, எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, வேகம் கூடாமல் குறையாமல் அவர்களை இழுத்துக்கொண்டு போய், பாதித் தூரத்தில் சாலையோரம் ஒதுங்கிவிடுவாள். ஒதுங்கியவளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வண்டி பிடித்து வீட்டுக்கு வந்து மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுவாள்.

ஊருக்கு அவளை அடையாளம் காட்டியது அவளுடைய ஷூதான். இரண்டு ஷூவிலும் உள்பக்கமாக, பெருவிரல் தொடங்கும் இடத்தில் ஒரு பொந்து இருக்கும். பொந்து வழியாக ஓர் எலும்பு முண்டு எட்டிப் பார்க்கும். டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் இங்கிலீஷ் பெயர் தமிழ்க் காதில் பனியன் என்று விழும். பனியன், முண்டு என்று கேட்டதும் ஏதோ துணிக்கடை விவகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. இது சுத்தமான எலும்பு விவகாரம். ஆட்களை நெருக்கி ஏற்றும் மட்டாட்டு வேனில் தூங்கி வழிகிற ஆள் பக்கத்துப் பயணியின் தோளில் சாய்வதுபோல, பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துகொள்ளும். விரல் அந்தப் பக்கம் சாயச் சாய, அதன் அடிமூட்டு இந்தப் பக்கம் பிதுங்கிக்கொண்டு வரும்.

தப்கிகேனின் அம்மாவுக்கும் அதே கால்தான். ஆனால் அம்மா கடைசிவரை செருப்பே போடாதவள் என்பதால் முண்டு அவளை ஒன்றும் செய்யவில்லை. தப்கிகேனும் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு ஓடிய வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள். வெளிநாடு போய் வந்த ஓட்டக்காரி ஒருத்தி தன் பழைய ஷூவை அவளுக்குக் கொடுத்தாள். கோழி மூக்கு மாதிரி முன்பக்கம் குறுகிய ஷூ. ஓசியில் வந்தது என்பதால் அதை விட மனமில்லாமல் காலைத் திணித்துத் திணித்து ஓடினாள். அடுத்தடுத்து வந்ததும் அப்படிப்பட்ட ஷூக்களே. வருஷங்கள் போகப் போக முண்டு பெருத்தது.

ஓடும்போது கால் தரையை விட்டுக் கிளம்புகிற கடைசி நொடியில் பெருவிரல்தான் மண்ணை உந்தித் தள்ள வேண்டும். இவளுடைய பெருவிரல் படுத்துக்கொண்டிருந்ததால் அந்த வேலை முழுக்க இரண்டாவது விரலின் தலையில் விழுந்தது. அதனடியில் தோல் காய்த்துக் கெட்டியானது. நீண்ட தூரம் ஓடினால் ஷூவுக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல உறுத்தும். நின்று, கழற்றி, தலைகீழாக உதறுவாள். கல் விழாது. அவளுடைய கூட்டாளி ஜெபிவோட் கொஞ்ச தூரம் தள்ளி நின்று கத்துவாள்:

"என்னடி, இன்னைக்காவது கல் கெடைச்சுதா?"

"இல்லடி."

"தேடு, தேடு. வைரமா இருக்கப் போகுது."

பொந்து போடும் யோசனை தப்கிகேனின் கணவன் கிமோசோப்புடையது. அவன் பழைய பிக்கப் வண்டியில் உருளைக்கிழங்கு ஏற்றி விற்பவன். மனைவிக்கு மேனேஜர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவன். ஒருநாள் அவள் முண்டு உரசி ரத்தத்தோடு வந்து நின்றதும், சோளத்தட்டை வெட்டுகிற கத்தியை அடுப்பில் காய்ச்சி ஷூவில் வட்டமாக ஓட்டை போட்டுக் கொடுத்தான். உரசல் நின்றது. விரல் சாய்வது நிற்கவில்லை. ஆனாலும் வலி பாதியானது என்று சந்தோஷப்பட்டாள்.

பால் கூட்டுறவுச் சங்கம் ஓட்டப்பந்தயம் நடத்திய வருஷம்தான் இந்தக் கதை தொடங்குகிறது. முதல் பரிசு சினைக் கிடாரி. மாடு என்றதும் ஊரே பெயர் கொடுத்தது. தப்கிகேனும் கொடுத்தாள். அன்றைக்குக் காலையில் மூடுபனி கண்ணை மறைத்தது. முதல் நாள் மழையில் செம்மண் சாலை குழம்பாகக் கிடந்தது. வழி காட்டுவதற்கு ஒரு மோட்டார் சைக்கிள்காரனை முன்னால் விட்டிருந்தார்கள். ஜெபிவோட்டும் பெரிய ஓட்டக்காரிகளும் அவன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். தப்கிகேன் கூழாங்கல் வலியோடு வெகு தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

பாதி வழியில் மோட்டார் சைக்கிள்காரனுக்கு அவன் மனைவி போன் செய்தாள். சோளக்காட்டில் மாடு புகுந்துவிட்டதாம். அவன் பந்தயத்தை மறந்து வண்டியைத் திருப்பி வீட்டுக்கு விட்டான். விளக்கை நம்பிய கூட்டம் முழுவதும் அவன் வீட்டு வாசலைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, சோளக்காடு வரை ஓடி மாட்டைப் பார்த்ததும்தான் நின்றது. சிலர் மாட்டைத் துரத்த உதவினார்கள். மோட்டார் சைக்கிள்காரனின் மனைவி சங்கடப்பட்டுப்போய் எல்லோருக்கும் டீ போட்டாள்.

தப்கிகேனுக்கு இது எதுவும் தெரியாது. கிழங்கு வண்டியில் தினம் போய் வருகிற சாலை என்பதால் பனியிலும் அவளுக்கு வழி தப்பவில்லை. தனியாக ஓடி முடிவுக்கோட்டுக்கு வந்தபோது சங்கத்து ஆட்கள் இன்னும் துணி பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் ஓரமா போங்க. ஓட்டக்காரங்க வர நேரம்."

"நானும் ஓட்டக்காரிதான்."

"சரிக்கா, சந்தோஷம். ஓரமா நின்னு பாருங்க."

அவள் ஓரமாக நின்றாள். வெகு நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு அவள் சட்டையில் குத்தியிருந்த எண்ணை ஒருவர் கவனித்தார். சங்கத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் இன்னொரு தரம் தாண்டி வரும்படி கேட்டுக்கொண்டார்கள். தாண்டினாள். கைதட்டினார்கள். கிடாரியின் கயிறு அவள் கைக்கு வந்தது.

வானொலிக்காரன் மைக்கை நீட்டினான். "எப்படிக்கா ஜெயிச்சீங்க?"

"எனக்கே புரியல தம்பி. முன்னாடியும் ஆளக் காணோம், பின்னாடியும் ஆளக் காணோம்."

கிமோசோப் பாய்ந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "எல்லாம் அந்த முண்டுதான்! உள்ள ஸ்பிரிங் மாதிரி வேல செய்யுது. ஷூவுக்குள்ள அமுக்கி வச்சா ஸ்பிரிங் எப்படி எகிறும்? அதான் பொந்து போட்டு வெளிய விட்டிருக்கோம்!"

மறுநாள் காலை ஓட்டத்தில் ஏழெட்டு ஷூக்களில் பொந்து தெரிந்தது. வாரக் கடைசியில் எண்ண முடியவில்லை. முண்டு உள்ளவர்களும் போட்டார்கள், இல்லாதவர்களும் போட்டார்கள். இல்லாதவர்களின் பொந்தில் காலுறைதான் தெரிந்தது. காலப்போக்கில் ஏதாவது வரும் என்று அவர்கள் நம்பினார்கள். கடைத்தெருவில் செருப்பு தைப்பவர் சின்னது, பெரியது என்று இரண்டு அளவு வைத்துக்கொண்டார். பந்தயத்துக்குப் போகும் முன் தப்கிகேனின் முண்டைத் தொட்டுவிட்டுப் போகும் வழக்கமும் வந்தது. அவள் பால் கறந்துகொண்டிருக்கும்போதே யாராவது வந்து குனிவார்கள்.

ஜெபிவோட் பல்லைக் கடித்தாள். "அந்தாளு வீட்டுல ரெண்டு டம்ளர் டீ குடிச்சவ நான். நடந்தது என்னன்னு என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா? ஒருத்தனும் கேக்கல."

"நான் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்கடி," என்றாள் தப்கிகேன். அப்போதுதான் ஜெபிவோட்டின் ஷூவைக் கவனித்தாள். "நீயும் ஓட்ட போட்டுருக்கே?"

"சும்மா இருக்கட்டுமேன்னுதான்," என்று ஜெபிவோட் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வானொலிப் பேச்சு எப்படியோ தலைநகர் நைரோபிக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு ஷூ கம்பெனியிலிருந்து வஞ்சாலா என்பவன் வந்தான். மெலிந்த உடம்பு, மினுங்கும் சட்டை. மேட்டு நிலத்துக் காற்று அவனுக்குப் போதவில்லை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினான்.

"அக்கா, பொந்து வச்ச ஷூ... நாங்க பண்ணப் போறோம். உங்க கால்தான்... அளவு."

விடிந்த கையோடு அளவெடுத்தான். குளிரில் கால் சுருங்கிக் கிடந்த நேரம் அது. ஓடி முடித்த கால் எவ்வளவு வீங்கும் என்று அவனுக்குத் தெரியாது. தப்கிகேனுக்குத் தெரியும், ஆனால் அவன் அதையும் கணக்கில் சேர்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். படித்த பிள்ளையாகத் தெரிந்தான்.

சில மாதங்கள் கழித்து மாதிரி ஜோடியோடு வந்தான். பளீரென்ற மஞ்சள். பொந்து வடிவம் கெடாமல் இருக்க அதைச் சுற்றி கெட்டிப் பிளாஸ்டிக் வளையம் வைத்திருந்தார்கள். உலகத்தில் இந்த ஒரு ஜோடிதான் இருக்கிறது, சனிக்கிழமை கம்பெனியின் தலைவி மகேனா மேடமே நேரில் வந்து இது ஓடுவதைப் பார்க்கப் போகிறார், அதுவரை ஒரு கீறல் விழக் கூடாது என்றான். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒருமுறை ஓடிப் பார்க்கச் சொன்னான்.

அவள் பள்ளத்தாக்கின் விளிம்பு வரை ஓடித் திரும்பினாள். முண்டுக்கு நல்ல காற்று. வீட்டு வாசலில் உட்கார்ந்து வலது ஷூவை உருவினாள். 'டொப்' என்று வந்தது. இடது ஷூ வரவில்லை. கால் வீங்கி, முண்டு வளையத்தைத் தாண்டி வெளியே வந்து, உள்ளே திரும்ப வழியில்லாமல் நின்றது. சட்டைப் பொத்தான் ஓட்டையில் மாட்டிக்கொள்வதுபோல, ஷூ அவள் காலில் மாட்டிக்கொண்டது.

சோப்பு போட்டார்கள். மாட்டு நெய் தடவினார்கள். கிமோசோப் அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். ஜெபிவோட் ஷூவைப் பிடித்து இழுத்தாள். தப்கிகேன் போட்ட கூச்சலில் கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"விடுடி பாவி! காலோட வந்துரும்!"

"வந்தா வரட்டும். தனியா ஓட விட்டா அதுவும் ஜெயிக்கும்."

கிமோசோப் கத்தியை எடுத்து வந்தான். வஞ்சாலா ஷூவின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

"அண்ணே, வேண்டாம்ணே! இந்த ஒண்ணுதாண்ணே இருக்கு! மேடம் சனிக்கிழம வராங்க. இத வெட்டிட்டீங்கன்னா... என்ன வெட்டுனதுக்குச் சமம்!"

ஒரு வளர்ந்த ஆண் தன் பாதத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைத் தப்கிகேன் அதுவரை கண்டதில்லை. வீக்கம் தானாக வடியும், பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் வளையம் இறுக்கியதால் வீக்கம் வடியவில்லை. மறுநாள் இடது காலில் மஞ்சள் ஷூவும் வலது காலில் ரப்பர் பூட்ஸுமாகச் சந்தைக்குப் போனாள். வஞ்சாலா கூடவே வந்தான். ஷூவைத் தனியே விட்டுப் போக அவனுக்குத் தைரியமில்லை. கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே படுக்கை போட்டு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். மழை தூறினால் குடையை விரித்துக்கொண்டு ஓடி வருவான். குடை ஷூவுக்குத்தான். குனிந்து, அவள் கணுக்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, எட்டுக்கு எட்டு கூடவே நகருவான். தப்கிகேனின் தலை நனையும். சேற்றுக் குட்டை வந்தால் முன்னால் ஓடிப்போய்ப் பலகை போடுவான்.

"தம்பி, குடைய கொஞ்சம் மேல தூக்கேன். நானும் அதே கால்லதானே நிக்கிறேன்?"

"மன்னிச்சுக்கங்கக்கா. சாரல் அடிக்குது."

சந்தையில் அவளைப் பார்த்த ஓட்டக்காரர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். அடுத்த நாள் காலையில் பயிற்சிக்கு வந்தவர்களில் பலருக்கு இரண்டு காலிலும் வெவ்வேறு ஷூ.

வலி பொறுக்காமல் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கிடூர் அமைதியான மனிதர். ஷூவோடு சேர்த்துக் காலைப் படம் பிடித்து, படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். ஷூ மேகம் மாதிரி தெரிந்தது. அதற்குள் எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"கிமோசோப், நீங்க வானொலில பேசினத நானும் கேட்டேன். இதுல ஸ்பிரிங் எங்க இருக்கு, காட்டுங்க."

கிமோசோப் படத்தின் அருகே போய் உற்றுப் பார்த்தான். "படத்துல விழல போல சார்."

டாக்டர் தப்கிகேன் பக்கம் திரும்பினார். "இத கட்டின்னு நெனச்சுட்டு இருந்தீங்களாம்மா?"

"ஆமா டாக்டர். புதுசா எலும்பு மொளச்சிருக்குன்னு நெனச்சேன்."

"பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. புதுசா பெருசா எதுவும் மொளைக்கல. இது உங்க சொந்த எலும்புதான். பாதத்துல இருக்கற இந்த நீள எலும்பு மெல்ல மெல்ல உள்பக்கம் நகந்துருச்சு, விரல் பக்கத்து விரல் பக்கமா சாஞ்சுருச்சு. ரெண்டும் சேர்ற மூட்டுதான் இப்படித் துருத்திட்டு நிக்குது."

"ஓடி ஓடித்தான் வந்துச்சா?"

"ஓட்டத்துமேல பழி போட முடியாது. உங்க அம்மாகிட்டேருந்து வந்த கால் இது. குறுகலான ஷூ அத வேகமா தள்ளிவிட்டுச்சு. ஓடறதால வலிதான் ஏறும். பெருவிரல் பண்ண வேண்டிய வேலைய பக்கத்து விரல் பண்ணுது பாருங்க, அதான் கல்லு கல்லா உறுத்துது."

தப்கிகேன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமாக எதையோ தன் காலில் வந்து ஒட்டிக்கொண்ட விரோதி என்று திட்டியிருக்கிறாள். அது அவளுடையதேதான், நெருக்கடியில் இடம் தேடி வெளியே ஒதுங்கிய எலும்பு என்று இப்போதுதான் தெரிந்தது. திட்டியதற்காக அதனிடம் கொஞ்சம் வருத்தம் தெரிவிக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

வஞ்சாலா கையை உயர்த்தினான். "சார், இதுக்கு ஆபரேஷன் இருக்குல்ல?"

"இருக்கு."

"அத இன்னைக்கே பண்ணிட்டா... முண்டு உள்ள போயிரும். ஷூ... சேதாரம் இல்லாம வந்துரும்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஷூவக் காப்பாத்த காலை வெட்டச் சொல்றீங்களா?"

"வெட்டச் சொல்லல சார்! எப்படியும் ஒருநாள் பண்ணப் போறதுதானே... சனிக்கிழமைக்குள்ள பண்ணுங்கன்னுதான் சொல்றேன்."

"எலும்ப வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு நிறுத்தணும். மாசக்கணக்குல ஓட முடியாது. உங்க மேடத்துக்கு முன்னாடி யார் ஓடுவா, நீங்களா?"

கிமோசோப் மோவாயைத் தடவினான். "கம்பெனி செலவுல பண்ணுவாங்களான்னு ஒரு வார்த்த..."

"செலகட் அப்பா!" என்றாள் தப்கிகேன். செலகட் விடுதியில் தங்கிப் படிக்கும் அவர்கள் மகள். மனைவி இந்தக் குரலில் தன்னை மகளின் அப்பா என்று கூப்பிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கிமோசோப்புக்குத் தெரியும். "ரெண்டு பேரும் வெளிய போங்க."

போனார்கள். வலி அன்றாட வேலையைக் கெடுக்கும்போது ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம், பார்க்க அழகாக இல்லை என்பதற்காகச் செய்துகொள்ளக் கூடாது, அதுவரைக்கும் முன்பக்கம் அகலமான ஷூ போட்டால் போதும் என்றார் டாக்டர். இந்த ஷூவை இப்போதே வெட்டிவிடலாமா என்று கத்தரியை எடுத்தார். தப்கிகேன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வஞ்சாலா படிக்கட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மடித்த குடை அவன் மடியில் கிடந்தது.

"சனிக்கிழம வரைக்கும் தாங்குமா டாக்டர்?"

"விரல் நீலமாகல, மரத்தும் போகல. காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சுட்டுப் படுத்திருந்தா தாங்கும். மரத்துப் போச்சுன்னா அந்த நிமிஷமே வெட்டிரணும். இந்த முட்டாள்தனம் எனக்குப் பிடிக்கலன்னும் சொல்லிடறேன்."

"எனக்கும் பிடிக்கல டாக்டர்," என்றாள். "ஆனா அந்தப் பையன் சாப்பிடவே மாட்டேங்கறான்."

வீட்டுக்குப் பின்னால் அவகாடோ மரத்தடியில் மெத்தை போட்டுப் படுத்தாள். கிமோசோப் கிளையிலிருந்து கயிறு இறக்கி அவள் இடது காலைக் கட்டித் தூக்கினான். மஞ்சள் ஷூ வானத்தைப் பார்த்தது. ஜெபிவோட் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு உகாலி என்கிற சோளக்களியும் கீரையும் ஊட்டினாள். அன்றும் மறுநாளும் பார்க்க வந்தவர்கள் வேலியோரம் நின்று மெதுவாகப் பேசினார்கள்.

"என்ன பயிற்சி இது?"

"ரத்தம் எல்லாம் தொடைக்கு எறங்குமாம். அப்புறம் ஓட ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாம்."

வெள்ளிக்கிழமை காலையில் பயிற்சி முகாமின் சுவரோரம் முப்பது பேராவது மல்லாந்து படுத்து இடது காலைச் சுவரில் தூக்கி வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் விசிலும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். வலது காலைத் தூக்கிய ஒருவனுக்கு நல்ல திட்டு விழுந்தது.

சனிக்கிழமை மகேனா மேடம் வந்தார். கூர்மூக்கு வைத்த குதிகால் செருப்பு சேற்றில் புதையப் புதைய, வலியைக் காட்டாத முகத்தோடு நடந்து வந்தார். வஞ்சாலா அவருக்கு நிலவரத்தைச் சொல்லவில்லை. ஷூ தயார் என்று மட்டும் சொன்னான். அது ஒருவகையில் உண்மைதான்.

கயிற்றை அவிழ்த்து, கிழங்கு வண்டியில் தப்கிகேனை மைதானத்துக்குக் கூட்டி வந்தார்கள். வலது ஷூவையும் மாட்டிக்கொண்டு தப்கிகேன் ஓடினாள். ஒவ்வோர் எட்டும் முள்மேல் வைப்பதுபோல இருந்தது. அவளுக்குப் பின்னால் பொந்து ஷூ போட்ட பட்டாளமே ஓடியது. பொந்துகள் வழியாகச் செம்மண் புகுந்து கால்கள் செங்கல் நிறமாயின. மைதானத்தைச் சுற்றி வந்து மேடத்தின் முன்னால் நின்றாள்.

"அருமை," என்றார் மேடம். "இப்ப கழட்டிக் குடுங்க. கையில வாங்கிப் பாக்கணும்."

வஞ்சாலா வானத்தைப் பார்த்தான். கிமோசோப்புக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "அது கழலாது மேடம். திங்கக்கிழமையிலேருந்து அதுலதான் இருக்கா."

மேடம் குனிந்து பார்த்தார். வளையத்துக்கு வெளியே முண்டு தக்காளி மாதிரி சிவந்து மினுங்கியது. அவர் முகம் மாறியது. வண்டியிலிருந்து இறக்கியிருந்த கிழங்கு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்து தன் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு பாதத்திலும் முண்டு இருந்தது. தப்கிகேனுடையதைவிடப் பெரிது. பெருவிரல்கள் பக்கத்து விரல்களின் மேலேறி உட்கார்ந்தேவிட்டன.

கூட்டம் "ஓ" என்றது. இரண்டு பேர் தொட்டுக்கொள்ள முன்னால் வந்தார்கள்.

"மேடம்!" கிமோசோப் பரவசப்பட்டுப்போனான். "நீங்க எந்தப் பந்தயத்துல ஓடினீங்க?"

"ஓடல," என்றார் மேடம். "ஆபீஸ் போனேன்."

தப்கிகேனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேடமும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் மூட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கால்களை நீட்டி வைத்துக்கொண்டார்கள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"ரொம்ப, மேடம்."

"ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீங்க?"

தப்கிகேன் வஞ்சாலாவைக் காட்டினாள். "அவர் அழுதாரு."

மேடம் கிமோசோப்பிடம் கத்தி கேட்டார். வஞ்சாலா திரும்பி நின்று குடையை விரித்துத் தன் முகத்தை மறைத்துக்கொண்டான். வளையம் 'படக்' என்று தெறித்தது. வெளியே வந்த பாதத்தில் முண்டைச் சுற்றி டம்ளர் அடியின் வட்டம்போல ஒரு தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. தப்கிகேன் விரல்களை விரித்தாள், மூடினாள். கண்ணில் நீர் வந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பால்காரர் வண்டியிலிருந்து யாரோ குளிர்ந்த புளித்த பாலை எடுத்து வந்து காலில் ஊற்றினார்கள். அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் இதமாக இருந்தது.

"பொந்தே வேண்டாம் மேடம்," என்றாள் பிறகு. "முன்னாடி வாத்துக்கால் மாதிரி அகலமா இருந்தா போதும். விரல் எல்லாம் அதது எடத்துல ஒக்காந்துக்கும்."

மேடம் தலையசைத்தார். நைரோபிக்குப் போய் அப்படி ஒரு ஷூவை வரையவும் வைத்தார். பார்க்க அழகாக இல்லை, கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனியில் எல்லோரும் கூடித் தள்ளிவிட்டார்கள். வஞ்சாலாவின் வேலை போகவில்லை. சில வாரம் கழித்து அவன் பெயரில் தப்கிகேனுக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே முன்பக்கம் நல்ல அகலமான ஆண்கள் ஷூ ஒரு ஜோடி. வேறொரு கம்பெனியுடையது.

அதைப் போட்டுக்கொண்டு தப்கிகேன் இன்னும் சில வருஷம் ஓடினாள். டாக்டர் சொன்னபடி பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ரப்பர் துண்டு வைத்துக்கொண்டாள். விரல் நிமிரவில்லை, ஆனால் மேற்கொண்டு சண்டை போடவில்லை. எதிலும் முதலில் வரவில்லை. அடுத்த வருஷத்துக் கிடாரியை ஜெபிவோட் ஜெயித்தாள். வழியில் எங்கும் டீ குடிக்கவில்லை என்று அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் ஊரில் பொந்து மோகமும் ஓய்ந்தது. பொந்து வழியாக உண்மையான கூழாங்கற்களே உள்ளே போய்விட்டன. செருப்பு தைப்பவர் தான் போட்ட ஓட்டைகளையெல்லாம் தானே அடைத்துக் கொடுத்தார்.

நடக்கும்போதும் வலி வரத் தொடங்கிய பிறகுதான் தப்கிகேன் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். இடது காலை மட்டும் முதலில் செய்தார்கள். டாக்டர் கிடூர் வெளியே வந்ததும் கிமோசோப் ஒரு சுத்தமான கண்ணாடி ஜாடியை நீட்டினான்.

"எதுக்கு இது?"

"முண்டப் போட்டுக் குடுங்க சார். வீட்டுல வச்சுக்கறோம். எவ்வளவு பேர் தொட்ட முண்டு!"

"போடறதுக்கு என்ன இருக்கு? ஓரத்துல ஒரு சின்ன சீவல்தான், அதுவும் கழுவுனதுல போயிருக்கும். எலும்ப வெட்டி அதோட எடத்துக்கே தள்ளி வச்சிருக்கேன்."

"அவ்வளவு பெருசு சார்! எங்க போச்சு?"

"உள்ளதான் இருக்கு கிமோசோப். இருக்க வேண்டிய எடத்துல இருக்கு."

கிமோசோப் கொஞ்ச நேரம் ஜாடியையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வெளியே வந்து, வராந்தாவில் காத்திருந்த நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, டாக்டரும் காலையில் ஓடுகிற ஆள்தான், முண்டை அவரே வைத்துக்கொண்டுவிட்டார் என்று சொன்னான்.

உள்ளே தப்கிகேன் மயக்கம் தெளிந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். கட்டுக்கு வெளியே பெருவிரலின் நுனி மட்டும் தெரிந்தது. அது நேராக மேலே பார்த்துக்கொண்டிருந்தது. யாருடைய விரலோ என்று ஒரு கணம் பயந்துபோய், அசைத்துப் பார்த்தாள்.

அசைந்தது. நன்றாக வலித்தது.